மல்லாந்தி

பொய் சொல்லும் பழக்கம் நேசத்துக்குப் பெரிதாகக் கிடையாது. வருஷத்துக்கு ஒரே ஒரு பொய்தான். அதுவும் முதல் மழை பெய்த மறுவாரம், ஃபோனில். ஜாம்நகரிலிருந்து பிரேமகுமாரி கூப்பிட்டு, "ஏட்டி, நம்ம ஆளுவ வந்தாச்சா?" என்று கேட்பாள். "வந்தாச்சு மக்கா" என்பாள் நேசம். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று எட்டு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் பிரேமகுமாரி அதோடு விடவில்லை. "நான் ரிட்டயர் ஆயாச்சில்லா. நாப்பது வருஷமா ஓணத்துக்குத்தான் லீவு தந்தானுவ. மொத மழைக்கு ஒருக்காகூட நான் அங்க இல்ல. இந்தத் தடவ வாறேன். ரெண்டு வாரம் உனக்க வீட்டிலதான் இருப்பேன். எனக்கு மல்லாந்திய பாக்கணும், வேற ஒண்ணும் வேண்டாம், கேட்டியா?" என்றாள். ஃபோனை வைத்த பிறகு நேசம் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மல்லாந்தி என்பது ஆளின் பெயர் அல்ல. ஊரில் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேரள எல்லை ஊரான குன்னத்துகாலின் கிழக்கு ஓரத்தில் சாஞ்சபாறை என்று ஒரு பாறை உண்டு. அதன் உச்சியில் நின்று துப்பினால் எச்சில் தமிழ்நாட்டில் விழும். அந்தப் பாறையின் முதுகில் மூன்று பாய் விரிக்கும் அகலத்துக்கு ஒரு பள்ளம். மேட மாசத்துச் சித்திரை வெயிலில் அடி மண் காய்ந்து, பப்படம் உடைந்தாற்போல வெடித்துக் கிடக்கும். வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் பள்ளம் நிறையும். நிறைந்து ஒரு வாரம் கழித்துப் போய்க் குனிந்து பார்த்தால், விரல் கணு நீளத்தில், உள்ளே இருப்பது வெளியே தெரியும் உடம்போடு, கூனிறால் மாதிரி ஒன்று நீந்தும். மாதிரிதான், கூனிறால் இல்லை. கூனிறால் கவிழ்ந்து நீந்தும். இது முதுகு கீழே, கால்கள் மேலே என்று மல்லாந்து நீந்தும். இருபது சொச்சம் கால்களும் மழைக்காற்றில் நெல் அசைவது போல ஒரே சீராக அசையும். வாலின் நுனி மட்டும் சிவப்பு.

அதைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று எட்டு வயசில் நேசமும் பிரேமகுமாரியும் முடிவு செய்திருந்தார்கள். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நேசத்தின் வீடு, அந்தப் பக்கம் பிரேமகுமாரியின் வீடு. ஞாயிற்றுக்கிழமை நேசம் கோயிலுக்குப் போய் ஜெபம் முடிந்து வரும்வரை பிரேமகுமாரி வேலியில் தொங்கிக்கொண்டு காத்திருப்பாள். பிறகு இருவரும் பாறைக்கு ஓடுவார்கள். கண்டுபிடித்தவர்கள் பெயர் வைக்க வேண்டாமா? வைத்தார்கள். ஒன்று மல்லாந்து நீந்தும்போது அதைவிடப் பொருத்தமான பெயர் என்ன இருக்கிறது?

ஒரு மேடத்தில் பிரேமகுமாரி பள்ளத்தின் காய்ந்த மண்ணில் ஒரு துண்டைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, வேலியோரம் வைத்து மறந்துபோனாள். மழை வந்து சிரட்டை நிறைந்து, பத்தாம் நாள் பார்த்தால் அதற்குள் இரண்டு மல்லாந்திகள். மீனும் இல்லாத, ஓடையும் தொடாத சிரட்டை அது. இருவரும் குந்தியிருந்து அதையே பார்த்தார்கள். மண்ணுக்குள்ளேயே முட்டையாகக் கிடந்து, காய்ந்தாலும் சாகாமல், மழைக்காகக் காத்திருக்கிறது என்பதை எந்த டீச்சரும் சொல்லித்தராமல் அன்றைக்கு அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடான ஒன்று பிறகு தன் வாழ்க்கையில் வந்ததா என்று நேசம் சில சமயம் யோசிப்பாள். கல்யாணத்தைச் சொல்லலாம். அதற்குப் பிறகு வேறொன்றும் தோன்றாது.

பிரேமகுமாரி நர்ஸிங் படித்துக் குஜராத்துக்குப் போனாள். நேசம் கொத்தவேலை செய்யும் ராஜனைக் கட்டிக்கொண்டு அதே வேலிக்குள் இருந்தாள். ராஜனுக்கும் அந்தப் பள்ளத்தோடு ஒரு தொடர்பு இருந்தது. ஆனால் அது மண்ணோடு. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் புல்கூடு கட்டுவதில் அவனை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மாதாவும் சூசையப்பரும் குழந்தையும் நிற்கும் அந்தச் சின்னக் குடிலுக்கு மற்றவர்கள் மரத்தூள் போடுவார்கள். ராஜன் மேடத்திலேயே பாறைக்குப் போய், வெடித்துக் காய்ந்த மண்ணைத் தகடு தகடாகப் பெயர்த்து வந்து பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொள்வான். "பெத்லகேம் வறண்ட பூமியாக்கும். மரத்தூளு போட்டா அது தச்சனுக்க கட" என்பான்.

எட்டு வருஷத்துக்கு முன் ஜூலையில் ராஜனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஏழாம் நாள் போய்விட்டான். நேசம் அரசு சுகாதாரத் துறையின் ஆஷா ஊழியர். வீடு வீடாகப் போய், தண்ணீரைத் தேங்க விடாதீர்கள் என்று சொல்வதுதான் அவள் தொழில். அவள் வீட்டிலேயே ஒருவன் கொசு கடித்துச் செத்தான் என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு வார்த்தை திரும்பச் சொல்லியிருப்பாள்.

அடுத்த மழைக்கு, கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீனை அரசு ஆரோக்கிய கேந்திரத்தில் பக்கெட் பக்கெட்டாகக் கொடுத்தார்கள். அந்தக் கொசு அதிகம் முட்டையிடுவது ரப்பர் தோட்டத்தில், பால் பிடிக்க மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் சிரட்டைகளில் என்று நேசத்துக்குத் தெரியும். வகுப்பெடுத்தவள் அவள்தான். ஆனால் ஆயிரம் சிரட்டைகளோடு யார் சண்டை போடுவது? அவளுக்குக் கோபத்தைக் கொட்ட ஒரு இடம் வேண்டியிருந்தது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏறினாள். பள்ளத்தில் மல்லாந்திகள் நீந்திக்கொண்டிருந்தன, அன்றைக்கு நூறுக்கு மேல் இருக்கும். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பக்கெட்டைக் கவிழ்த்தாள்.

மறுநாளே பிரேமகுமாரி கூப்பிட்டு, "நம்ம ஆளுவ வந்தாச்சா?" என்று கேட்டாள். வேறு எதைக் கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பாள். கோடையில் பள்ளம் வற்றும்போது கப்பிகள் செத்துப்போகும். அதனால் வருஷா வருஷம் புதிய பக்கெட் வேண்டும். வருஷா வருஷம் அவளே கொண்டுபோய் ஊற்றினாள். நாலாம் வருஷத்துக்குப் பிறகு மீன் தின்ன அங்கே மல்லாந்தி ஒன்றுகூட மிச்சம் இல்லை. இந்த வருஷமும் மே மாசக் கடைசியில் ஊற்றிவிட்டு வந்து கைகழுவிய பிறகுதான், வருகிறேன் என்று பிரேமகுமாரி ஃபோன் செய்தாள்.

பிரேமகுமாரி வருவதற்குப் பத்து நாள் இருந்தது. நேசம் அக்கம்பக்கத்துப் பாறைகளில் எல்லாம் ஏறி இறங்கினாள். ஒன்றில் குவாரி வந்துவிட்டது. ஒன்றைச் சமப்படுத்தி வண்டி நிறுத்துகிறார்கள். மூன்றாவதில் கப்பிகள் வாலை ஆட்டின. அவையும் அவள் ஊற்றியவைதான். வீட்டுக்கு வந்து கால் வலியோடு படுத்தபோதுதான் பரணில் இருந்த பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது.

ராஜன் போன பிறகு அவள் புல்கூடு கட்டவில்லை. டப்பாவைத் திறந்ததும் இல்லை. இப்போது திறந்தாள். மேலே ஒரு காது உடைந்த கழுதை, மூன்று ஆடுகள். அடியில் உதிர்ந்த மண் இரண்டு கை அளவுக்கு. அதற்கும் அடியில், பத்திரிகைத்தாளில் தனியாகச் சுற்றி, உள்ளங்கை அகல மண்தகடு ஒன்று. அது ஆடுகள் குடிலுக்கு வரும் பாதை. மண் ஈரமாக இருந்தபோது ராஜன் பெருவிரலால் வரிசையாகக் குழி குழியாக அழுத்திச் செய்தது. விரல்ரேகைகூடத் தெரிந்தது. தாளின் மேல் அவன் கையெழுத்தில், 'அடுத்த வருஷத்துக்கு' என்று இருந்தது. நேசம் தகட்டை அப்படியே சுற்றி டப்பாவில் வைத்தாள். உதிரி மண்ணை மட்டும் அகலமான பேசினில் போட்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினாள். ஆஷா வீட்டில் தேங்கிய தண்ணீரா என்று சக ஆஷா ஷீஜா வந்து கவிழ்த்துவிடக் கூடாதே என்று, கொசுவலைத் துண்டு ஒன்றை மேலே இறுக்கிக் கட்டினாள்.

நாலு நாள் ஒன்றுமில்லை. எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் வலையை அவிழ்த்து மூக்கைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது ஆஸ்பத்திரி வராந்தாவின் வாசனை வந்தது. பிளீச்சிங் பவுடர். மழை தொடங்கினால் ஊர்க் கிணறுகளில் எல்லாம் பிளீச்சிங் போடுவது அவள் வேலை. போட்டாளே, சனிக்கிழமைதோறும், முதலில் தன் வீட்டுக் கிணற்றில். மீன் போதாதென்று மருந்தும் வைத்திருக்கிறாள். நேசம் தன் நெற்றியிலேயே ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆட்டோவிலிருந்து பிரேமகுமாரி இறங்கினாள். தலை முழுக்க வெள்ளை, இரண்டு முட்டியிலும் உறை. பையை உள்ளே வைக்கக்கூட இல்லை.

"வா, பாறைக்குப் போவோம்," என்றாள்.

"சாயா குடிச்சிட்டுப் போலாம் பிரேமா."

"சாயா எங்கயும் ஓடாது."

நேசத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, அவள் ஏறினாள். பள்ளம் நிறைந்து, மேலே வானம் தெரிந்தது. பிரேமகுமாரி மெல்லக் குனிந்தாள். கப்பிகள் கூட்டமாக வந்து அவள் நிழலுக்குக் கீழே நின்றன.

நேசம் எல்லாவற்றையும் சொன்னாள். ராஜன், பக்கெட், எட்டு மழை, டப்பா, பிளீச்சிங். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாள். ஏச்சு வாங்கத் தயாராக. பிரேமகுமாரி பாறையிலேயே உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"முந்தி நான் கேட்டா நீ ஃபோன வைக்கமாட்ட. வாலு செவந்தாச்சு, முட்ட தூக்கியாச்சு, ஒண்ணுக்கு ஒண்ணு தொரத்துதுன்னு பறஞ்சிட்டே இருப்ப. எனக்க டூட்டிக்கு நேரமாவும். ராஜன் போனதுக்குப் பொறவு 'வந்தாச்சு'ன்னு ஒரு சொல்லு. அதோட தீந்துது. நான் நர்ஸாக்கும் நேசம். வலியே இல்ல சிஸ்டர்னு பறயுறவங்கள நாப்பது வருஷம் பாத்தவ."

"பின்ன எதுக்கு வருஷா வருஷம் கேட்ட?"

"என்னைக்காவது நீ 'இல்ல'ன்னு சொல்லுவ, அன்னைக்கு அழுவன்னு நெனச்சேன். அவன் செத்ததுக்கு நீ அழவே இல்லன்னு உனக்க அக்கா எனக்கிட்ட சொன்னா. ஃபோன்ல நடக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்குத்தான் இந்த முட்டியையும் தூக்கிட்டு வந்தேன்."

நேசம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நன்றாக, சத்தமாக, மூக்கைச் சேலையில் சிந்திக்கொண்டு அழுதாள். கீழே ரப்பர் தோட்டத்தில் யாரோ நின்று மேலே பார்த்துவிட்டுப் போனார்கள். பிரேமகுமாரி அவள் கையை விடவில்லை. பிறகு மழை தூற ஆரம்பித்ததும், "எழும்பு, வழுக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேசம் பேசினை நன்றாகக் கழுவி, மரமோ கூரையோ மறைக்காத இடமாகப் பார்த்து முற்றத்தின் நடுவில் வைத்தாள். மத்தியானத்துக்குள் மழைத்தண்ணீர் அரை பேசின் சேர்ந்தது. அவள் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து, தாளைப் பிரித்தாள். தகட்டைப் பார்த்ததும் பிரேமகுமாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வேண்டாம் நேசம். அவனுக்க கைவெரலு. வேற என்ன இருக்கு உனக்கு? வெள்ளத்துல இட்டா கரஞ்சு போவும்."

"தெரியும்."

"முட்ட இருக்கோ இல்லியோ. எட்டு வருஷம் ஆச்சு. சிரட்டையில நாம இட்டது அந்த வருஷத்து மண்ணாக்கும். இல்லாம இருந்தா ரெண்டும் போச்சு."

"அதுவும் தெரியும்."

உண்மையில் நேசத்துக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. போட்டோவில் இருக்கிற ராஜன் யாரோ சட்டை பட்டனைப் போடச் சொன்னதும் போட்டுக்கொண்டு நிற்கிறவன். இந்தக் குழிகளில்தான் அவன் அவனாக இருந்தான். வாயில் பீடியோடு, தரையில் படுத்து, ஆடு எந்த வழியாக வரும் என்று யோசித்துக்கொண்டு. அவள் தன் பெருவிரலை முதல் குழியில் வைத்தாள். குழி பெரிதாக இருந்தது. அடுத்ததில் வைத்தாள். அப்படியே பதினொரு குழிகளிலும், குடில் வாசல்வரைக்கும் போனாள்.

"அடுத்த வருஷத்துக்குன்னு எழுதி வச்சிருக்காரு, பாத்தியா? எட்டு அடுத்த வருஷம் போச்சு பிரேமா. நான்தான் டப்பாவ தொறக்கல்ல," என்றாள்.

தகட்டை இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கினாள். முதலில் விளிம்பு கரைந்தது. பிறகு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பதினொரு குழிகளும் சற்று நேரம் தெளிவாகத் தெரிந்தன, காய்ந்திருந்தபோது தெரிந்ததைவிடத் தெளிவாக. அப்புறம் பேசின் முழுக்கச் செம்மண் நிறம்தான். நேசம் வலையைக் கட்டிவிட்டுச் சாயா போடப் போனாள். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். பிரேமகுமாரி அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பிறகு காத்திருப்பு. இரண்டு கிழவிகளும் காலையில் எழுந்ததும் பேசினைத்தான் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கலங்கல் தெளிந்தது. நாலாம் நாள் பிரேமகுமாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "என்னமோ துள்ளுது" என்றாள். புள்ளி புள்ளியாக, உப்புத்தூள் அளவுக்கு என்னவோ. "தூசியாக்கும். இல்லேன்னா கொசுப்புழு," என்றாள் நேசம். வலை கட்டிய பேசினில் கொசுப்புழு வராது என்று அவளுக்கே தெரியும். ஆனால் நம்பினால் கெட்டுப்போகும் என்று ஒரு பயம். அவளுக்கு அப்படித்தான், ராஜனுக்குக் காய்ச்சல் குறைந்த ஐந்தாம் நாள் நம்பித்தான் மோசம் போனாள்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அடைமழை. வானம் இருண்டு, பேசினில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிரேமகுமாரி திரும்பிப்போக இன்னும் ஆறேழு நாள்தான் இருந்தது. பேசினைப் பற்றிப் பேசாமல் இருவரும் பழைய கதை பேசினார்கள். சிரட்டைக் கதை வந்தபோது மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் காலையில் மழை விட்டு வெயில் வந்தது. நேசம் முற்றம் பெருக்கப் போனவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வலையை அவிழ்த்தாள். வெயில் பேசினின் அடிவரை இறங்கியிருந்தது. கரைந்த மண் அடியில் மெத்தென்று படிந்திருந்தது. அதற்கு மேலே, ஒரு விரல் உயரத்தில், கண்ணாடியில் செய்தது போல ஒன்று மெதுவாக வந்தது. முதுகு கீழே, கால்கள் மேலே. கால்கள் ஒரே சீராக அசைந்தன. வாலின் நுனியில் சிவப்பு இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் வரிசையாக இன்னும் நாலைந்து.

கிணற்றடியில் பிரேமகுமாரி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேசம் குனிந்து நிற்பதைப் பார்த்து, வாயில் நுரையோடு, நாற்பது வருஷப் பழக்கத்தில் அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, நம்ம ஆளுவ வந்தாச்சா?"

எட்டு வருஷம் தங்குதடையில்லாமல் சொன்ன ஒரே சொல். நேசம் வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து அது வரவில்லை. மறுபடியும் திறந்து பார்த்தாள், வரவில்லை. ஒரு கையால் பேசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பதில் வராததைக் கேட்டதும் பிரேமகுமாரி பிரஷைக் கிணற்றுச்சுவரில் வைத்துவிட்டு, முட்டிவலியை மறந்து, வாய்கூடக் கொப்பளிக்காமல் ஓடி வந்தாள்.